சொல்லிக்கொடுத்த பதில்கள்

பிப்ரவரி 4

தங்கைக்கு,

போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் நம் இருவரில் ஒருத்தி வைத்துவிடுகிறோம். கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது. கிழித்துப் போடலாம்; ஆனால் கிழிப்பதற்கு முன் கடைசி வரியைப் பார்த்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். ஆகவே எழுதுகிறேன்.

விஷயம் உன் தோழியைப் பற்றியது. வாய் ஓயாமல் பேசுகிறாள் என்று பள்ளிக்கூடத்தில் ரேடியோ என்று பெயர் வைத்தீர்களே, அவள்தான். அம்மா போன பிறகு இந்த வீட்டில் நான் தனி. அவள் பெற்றோரும் போய்விட்டார்கள். அவள் அதே மூன்றாம் மாடியில், நம் கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். கணவருக்குக் கப்பலில் வேலை, போய் ஏழு மாதமாகிறது. இரண்டு பெண்கள். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு இரண்டு முடியவில்லை.

நான் பார்த்ததை எழுதுகிறேன். நினைத்ததை எழுதவில்லை.

ஜனவரி 21, புதன். கண் பரிசோதனைக்காக விடுப்பில் இருந்தேன். காலை பதினொரு மணிக்குப் பெரியவள் மணி அடித்தாள்.

"பெரியம்மா, தீப்பெட்டி இருக்கா? லைட்டரை நான் அழுத்தினா பத்த மாட்டேங்குது."

"எதுக்கும்மா?"

"தங்கச்சிக்குப் பால் காய்ச்ச."

"அம்மா எங்கே?"

"தூங்கறாங்க."

"இன்னைக்கு ஸ்கூல் இல்லையா?"

"லீவு."

அன்று லீவு இல்லை. தீப்பெட்டி கொடுக்காமல் பாலைக் காய்ச்சிக் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் பாத்திரம் திரும்பி வந்தது, அடியில் இருந்த என் பழைய கரி உட்படத் தேய்த்து.

ஜனவரி 29, வியாழன். துணி உலர்த்தும் பால்கனியில் நம் பக்கத்துக்கும் அவர்கள் பக்கத்துக்கும் நடுவில் கம்பிதான். அறைக்குள் சின்னவளின் இடுப்பில் துப்பட்டாவைக் கட்டி மறு நுனியைக் கட்டில் காலில் கட்டியிருந்தது. இறுக்கமாக இல்லை, அதையும் சொல்ல வேண்டும். காலை ஏழரைக்கு வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தேன். மாலை ஐந்தரைக்குத் திரும்பியபோதும் அதே இடம், அதே ஈரத் துணி. நடுவில் அவிழ்த்திருக்கலாம். எனக்குத் தெரியாது.

எங்கள் பரிசோதனைக்கூடத்தில் ஒரே ஒரு மாதிரியை வைத்துத் தண்ணீர் கெட்டது என்று நான் கையெழுத்துப் போடுவதில்லை. பாட்டில் அழுக்காக இருந்திருக்கலாம், எடுத்தவர் கை கழுவாமல் எடுத்திருக்கலாம். அதே குழாய், வெவ்வேறு நாள், மூன்று மாதிரி. அறிக்கை போகும் முன் கிணற்றுக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்வதும் வழக்கம். நமக்குத் தெரியாத காரணம் அவரிடம் இருக்கலாம். இருபத்து மூன்று வருடமாக அப்படித்தான் செய்கிறேன், இதுவரை தவறியதில்லை.

இப்போது கையில் இரண்டு மாதிரி. மூன்றாவதும் இப்படியே இருந்தால் குழந்தைகள் நல அலுவலகத்துக்கு எழுதுவேன். அவள் பக்கம் நின்று பேசக்கூடியவள் எனக்குத் தெரிந்து நீ ஒருத்திதான். எனக்குத் தெரியாதது ஏதாவது இருந்தால் எழுது.

அக்கா


பிப்ரவரி 9

அக்காவுக்கு,

கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் கிழித்தேன். பிறகு பதில் எழுத வேண்டுமே என்று ஒட்டவைத்தேன். ஓட்டல் சலவைப் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், திருப்பிப் பார்க்காதே, தலையணை உறைக் கணக்கு.

அவள் என்ன தண்ணீர்க் குழாயா, மாதிரி எடுக்க?

குழந்தையைக் கட்டிப் போட்டாளாம். என் பையன் தவழ்ந்த வயதில் நான் குளிக்கப் போகும்போதெல்லாம் அவனை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுத்தான் போவேன். இப்போது பதினைந்து வயது, என்னைவிட ஒரு சாண் உயரம். ஏழு வயதுப் பெண் பால் காய்ச்சினால் கெட்டிக்காரி என்று சொல்வார்கள். உன் கண்ணுக்கு அது குற்றமாகத் தெரிகிறது. பிள்ளை பெற்ற வீட்டில் ஈரத் துணி இருக்கும் அக்கா. உன் வீட்டில் மேஜை விரிப்புகூட நனைந்ததில்லை.

அவளுக்கு உடம்பு அசதி. புருஷன் கடலில். மாமியாரும் இல்லை, அம்மாவும் இல்லை. நாலு நாள் படுத்தால் குற்றமா?

நீ கேட்டாய், எனக்குத் தெரியாதது ஏதாவது உண்டா என்று. உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன். எட்டு மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் அந்த மனுஷனை விட்டுவிட்டு வந்தபோது, பெற்றவர் பேச்சைக் கேட்காமல் கட்டிக்கொண்டவளுக்கு இங்கே இடமில்லை என்று அம்மா கதவைச் சாத்தினாள். நீ சாத்தவில்லை, சரி. அம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தாய், கையில் புத்தகம், விரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பக்கத்துக் கதவைத் திறந்தவள் ரேடியோ. தன் அப்பாவிடம் சண்டை போட்டு ஐந்து வாரம் என்னை வைத்துக்கொண்டாள். அந்த ஐந்து வாரமும் என் பையன் அழுதது நம் கூடத்துச் சுவர் வழியாக உனக்குக் கேட்டிருக்கும். அப்போது எத்தனை மாதிரி எடுத்தாய்?

அந்த ஆபீசுக்கு எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது அவர்களுக்கு அரை மணி நேர வேலை. திருப்பிக் கொடுக்க வருஷக்கணக்கு. எங்களிடம் இஸ்திரி போடுகிற பெண் இன்னும் நடந்துகொண்டிருக்கிறாள், தன் அக்கா பிள்ளைகளுக்காக.

எழுத வேண்டாம். போய்க் கதவைத் தட்டி, "என்னடி ஆச்சு உனக்கு?" என்று கேள். இரண்டடி நடந்தால் போதும். அதற்கு அரசாங்கம் எதற்கு?

தங்கை


பிப்ரவரி 16

தங்கைக்கு,

உன் பையன் அழுதது கேட்டது. ஐந்து வாரமும் கேட்டது. இத்தனை வருடமாக அதை உன்னிடம் சொல்லவில்லை. ஆனால் அன்று கேட்டுவிட்டு நான் சும்மா இருந்தது தவறு என்றால், இன்றும் கேட்டுவிட்டுச் சும்மா இரு என்று நீயே சொல்வது எனக்குப் புரியவில்லை.

நீ சொன்ன இரண்டடியும் நடந்தேன். "என்னடி ஆச்சு" என்று கேட்க எனக்கு வாய் வராது. ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டேன். கதவு ஒரு கை அகலம் திறந்தது. தலை வாரிப் பல நாள் ஆகியிருக்கும்.

"ஒண்ணுமில்லக்கா. அசதி."

"டாக்டரைப் பார்த்தியா?"

"பாக்கணும்."

"நான் கூட வரட்டுமா? இன்னைக்கே போகலாம்."

"பாக்கணும்க்கா," என்றாள் மறுபடி. கதவு மூடியது. மொத்தம் நாலு சொல். பள்ளிக்கூடத்தில் பிரம்பால் அடித்தும் நிறுத்த முடியாத வாய் அது. எனக்கு ஈரத் துணியைவிட அதுதான் உறுத்துகிறது, ஆனால் அதைப் புகாரில் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 13, வெள்ளி. பகல் பன்னிரண்டு மணி இருக்கும். தண்ணீர் மாதிரி எடுக்கப் போன எங்கள் வண்டி பெரிய சாலை சிக்னலில் நின்றது. பெரியவள் சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். இடுப்பில் சின்னவள், மறு கையில் பால் பாக்கெட்டும் ரொட்டியும். சுமை ஒரு பக்கம் இழுத்ததால் குறுக்காகவே நடந்தாள். ஒரு பஸ் கிறீச்சென்று நின்றது.

"ஏய் பாப்பா, உன் வீட்ல பெரியவங்க யாரும் இல்லையா?" என்று ஓட்டுநர் கத்தினார்.

"நான் இருக்கேனே!" என்றாள் அவள், அதே சத்தத்தில். பயமே இல்லை.

நான் இறங்கி ஓடி அவர்களை வீட்டில் விட்டேன். வழியெல்லாம் சின்னவளை என்னிடம் கொடுக்க மறுத்துவிட்டாள். "உங்களுக்குத் தூக்கத் தெரியாது பெரியம்மா," என்றாள். உண்மைதான்.

இன்று புகார் கொடுத்தேன். மூன்று நிகழ்ச்சி, மூன்று தேதி, என் பெயர், முகவரி. பெயர் தெரிவிக்காமலும் கொடுக்கலாம் என்றார்கள், வேண்டாம் என்றேன். அலுவலர் 26ஆம் தேதி வியாழன் காலையில் வருவார். தேவைப்பட்டால் கூப்பிடுவதாகவும் வீட்டில் இருக்கும்படியும் சொன்னார்.

உனக்குத் தெரியாமல் இதைச் செய்வது நேர்மையாகப் படவில்லை, அதனால் எழுதுகிறேன். அவளிடம் சொல்லாதே. இருப்பதை இருக்கிறபடி அவர்கள் பார்க்கட்டும்.

அக்கா


பிப்ரவரி 27

தங்கைக்கு,

சொல்லிவிட்டாய்.

நேற்றுக் காலை ஆறு மணிக்கே பினாயில் வாசனை என் சமையலறை வரைக்கும் வந்தது. எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். பத்தரைக்கு அலுவலர் வந்தார், ஒரு அம்மாள், என் வயதுதான் இருக்கும், தோளில் குறுக்காக மாட்டிய பை, கையில் கோப்பு. அரை மணி கழித்து என்னைக் கூப்பிட்டார். உள்ளே போனேன். பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி இருந்தது. சோபா உறை மடிப்புக் கலையவில்லை. சின்னவள் காலில் சாக்ஸ். பெரியவளுக்கு இரட்டைப் பின்னல். உன் தோழி புடவை கட்டி, பொட்டு வைத்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். சிரித்தாள்கூட. அந்த அரை மணி நேரத்துக்கு எவ்வளவு பாடுபட்டாள் என்பது கழுத்தில் ஓடிய வியர்வையில் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது, அலுவலருக்குத் தெரியவில்லை.

"உன்னை யாரும்மா பார்த்துக்கறாங்க?" என்று பெரியவளிடம் கேட்டார்.

"காலையில அம்மா எழுப்பி விடுவாங்க. பல் தேய்ச்சு விடுவாங்க. பால் குடுப்பாங்க. ஸ்கூலுக்கு அனுப்புவாங்க."

"சாயந்தரம்?"

அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். "காலையில அம்மா எழுப்பி விடுவாங்க," என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அலுவலர் சிரித்துக்கொண்டே அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுக் கோப்பை மூடினார்! மாடிப்படியில் என்னிடம் சொன்னார்: "தனியா இருக்கறவங்களுக்குப் பக்கத்து வீட்டுச் சத்தம் கொஞ்சம் பெருசாத்தான் கேக்கும் மேடம். தப்பா எடுத்துக்காதீங்க." நான் தவறாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது உன் தோழி கதவருகில் நின்றிருந்தாள். "உங்க தங்கச்சி மட்டும் சொல்லலைன்னா என் பிள்ளைங்க இந்நேரம் எங்க இருக்கும்க்கா? கூடப் பொறந்தும் உங்களுக்கு அந்த ஈரம் இல்லையே," என்றாள். ஒரு வருடத்தில் அவள் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு.

இன்று காலை பால்கனிக் கம்பி முழுவதும் நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கிறது. கதவைத் தட்டினால் உள்ளே காலடிச் சத்தம் வந்து நின்றுவிடுகிறது, திறப்பதில்லை. முன்பு அந்தப் பெண் எதற்காவது என் வீட்டு மணியை அடிப்பாள். இனி அடிக்க மாட்டாள். உன் புண்ணியத்தில் அவளுக்கு இருந்த ஒரு கதவும் போயிற்று.

எனக்கும் இதில் பங்கு உண்டு. முதல் நாளே எழுதியிருக்க வேண்டும், யாரிடமும் சொல்லாமல். கிணற்றுக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்வது கிணறுகளுக்குச் சரி.

அக்கா


மார்ச் 4

அக்காவுக்கு,

ஆமாம், சொன்னேன். மறைக்கவில்லை. உன் கடிதம் வந்த அன்றைக்கே போன் போட்டேன். சொன்னது மட்டும் இல்லை. எந்த மூலையிலிருந்து பெருக்க ஆரம்பிக்க வேண்டும், எந்தப் புடவை, எத்தனை சொட்டு பினாயில், எல்லாம் நான்தான். அறுபது அறை ஓட்டலில் கறையை எப்படிக் கண்ணில் படாமல் வைப்பது என்று எனக்குத் தெரியாதா? அதுதானே என் வேலை.

அந்த நாலு வரியும் நான் சொல்லிக்கொடுத்ததுதான். பெரியவளைப் போனில் வைத்து மூன்று நாள் மனப்பாடம் செய்ய வைத்தேன். சாயந்தரத்துக்குச் சொல்லிக்கொடுக்கத் தோன்றவில்லை.

வீடு ஒரு தடவை சுத்தமாகிவிட்டால் அவளுக்கும் ஒரு தெம்பு வரும், அப்படியே எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். சிரிக்காதே. சில பேருக்கு அப்படி ஆகும். எனக்கு ஆகியிருக்கிறது.

இனி எழுதுவதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசி நாள் பாடம் எல்லாம் சரியாக ஒப்பித்த பிறகு பெரியவள் கேட்டாள்: "சித்தி, ஆபீசர் போனதுக்கப்புறமும் அம்மா எழுப்பி விடுவாங்களா?" நான் சிரித்தேன் அக்கா. "வாலு!" என்று சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பதிலுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள், அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. பிறகு சரி சித்தி என்று வைத்துவிட்டாள்.

அதன் பிறகு தினமும் போன் செய்கிறேன். எப்போதும் பெரியவள்தான் எடுக்கிறாள். அம்மா தூங்கறாங்க. காலை ஒன்பதுக்கும் தூங்கறாங்க, பகல் இரண்டுக்கும் தூங்கறாங்க. நேற்று, அம்மாகிட்ட குடு என்று அடம்பிடித்தேன். போனை அவள் காதில் வைத்திருப்பாள் போல. நான் பேசிக்கொண்டே இருந்தேன். ரேடியோ, ரேடியோ என்றேன். மூச்சு மட்டும்தான் வந்தது.

நாலு நாள் அசதி என்று உனக்கு எழுதியிருந்தேன். அதை நான் எங்கிருந்து கண்டுபிடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

தங்கை


மார்ச் 9

தங்கைக்கு,

சிரிக்கவில்லை.

அலுவலகத்துக்கு மறுபடி போனேன். விசாரித்து முடித்த புகாராம். அதே ஆள் அதே வீட்டைப் பற்றி மறுபடி கொடுத்தால் முன்விரோதம் என்று எழுதிவிடுவார்களாம். ஜன்னலுக்குள் இருந்தவர் அதையும் அன்பாகத்தான் சொன்னார். வேறு ஒருவர், நேரடியாகத் தெரிந்ததை, எழுத்தில் கொடுத்தால் கோப்பைத் திறப்பார்களாம். வேறு ஒருவருக்கு எங்கே போவேன்? நான் இப்போது பார்ப்பது தார்ப்பாயை மட்டும். பள்ளியில் விசாரித்தேன், பெரியவள் அலுவலர் வந்த மறுநாளிலிருந்து வரவில்லை. சின்னவள் அழுகிறாள், பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. முன்பெல்லாம் அழுகை நின்றால் நிம்மதியாக இருக்கும். இப்போது நின்றால்தான் எழுந்துபோய்ச் சுவர் அருகில் நிற்கிறேன்.

நேரடியாகத் தெரிந்தது உனக்கு இருக்கிறது. எந்தத் தேதி, எந்த நேரம் போன் செய்தாய், யார் எடுத்தது, என்ன பதில். குழந்தைக்கு நீ சொல்லிக்கொடுத்தது. அவள் திருப்பிக் கேட்டது. நீதான் எழுத வேண்டும்.

எப்படி எழுதுவது என்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ உன் மாதிரி எழுதுவாய். "பாவம்" என்ற சொல் வேண்டாம். பள்ளிக்கூட நட்பு வேண்டாம். மாமியார் இல்லாததைப் பற்றி எதுவும் வேண்டாம். தேதியைப் போட்டு, கேட்டதை எழுது. சொல்லிக்கொடுத்ததை ஒளிக்காதே, அதை ஒளித்தால் மீதியை நம்ப மாட்டார்கள். உன் பெயரைப் போடு.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நீ பயந்தாயே, போகலாம். அது நடக்காது என்று என்னால் எழுதித்தர முடியாது. எனக்கும் அந்த அலுவலகத்தின் மேல் பெரிய மதிப்பு இல்லை, மாடிப்படியில் அந்த அம்மாள் சொன்னதைக் கேட்ட பிறகு இருந்த கொஞ்சமும் போயிற்று. ஆனால் நம் இருவர் கையிலும் வேறு கதவு இல்லை.

கூரியரில் அனுப்பு.

அக்கா


மார்ச் 13

அக்காவுக்கு,

அனுப்பிவிட்டேன். நகல் கீழே. "பாவம்" மூன்று இடத்தில் வந்தது, மூன்றையும் அடித்துவிட்டேன். திருப்தியா?

"குழந்தைகள் நல அலுவலருக்கு. பிப்ரவரி 26ஆம் தேதி நீங்கள் வந்து பார்த்த வீட்டுத் தாய்க்கு, நீங்கள் வரப்போவதை 20ஆம் தேதியே போனில் சொன்னவள் நான். வீட்டை எப்படிச் சுத்தம் செய்வது என்று சொன்னதும் நான். உங்களிடம் மூத்த பெண் சொன்ன நான்கு வாக்கியங்களையும் 23, 24, 25 ஆகிய மூன்று நாள் நான் சொல்லிக்கொடுத்தேன். 25ஆம் தேதி அவள் என்னிடம், அலுவலர் போன பிறகும் அம்மா எழுப்பி விடுவாரா என்று கேட்டாள். 27 முதல் நேற்று வரை பதினான்கு நாளில் பத்தொன்பது முறை போன் செய்தேன். பத்தொன்பது முறையும் மூத்த பெண்ணே எடுத்தாள். பள்ளி நேரத்தில் செய்தது அதில் பதினொன்று. மார்ச் 11ஆம் தேதி என்ன சாப்பிட்டாய் என்றதற்கு ரொட்டி என்றாள். அதற்கு முந்தின நாள் என்றதற்கும் ரொட்டி. தாயை நான் முப்பது வருடமாக அறிவேன். அவர் பேசாமல் இருக்கக்கூடியவர் அல்ல. இப்போது பேசுவதில்லை. அவருக்கு மருத்துவர் வேண்டும். தயவுசெய்து இந்த முறை யாருக்கும் சொல்லாமல் போங்கள், எனக்கும் சொல்லாதீர்கள்."

கையெழுத்துப் போட்டுவிட்டு லிப்ட் பக்கம் போய் நின்று அழுதேன். இஸ்திரி போடுகிற பெண் ஒரு துவாலையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

எனக்குக் கதவு திறந்தவள் அவள் ஒருத்தி. அவள் வீட்டுக்கு ஆள் அனுப்பியவள் நான். இது அவளுக்குத் தெரிந்தால் செத்தாலும் என் முகத்தில் விழிக்க மாட்டாள். நீ சொன்னது சரிதான், தெரியும். சரி என்று எழுதும்போதே உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

தங்கை


மார்ச் 21

தங்கைக்கு,

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு வந்தார்கள். அதே அலுவலர், கூட ஒரு நர்ஸ். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சாட்சிக்கு என்னையும் கூட வரச் சொன்னார். கதவைப் பெரியவள்தான் திறந்தாள். யார் என்று பார்த்ததும், "காலையில அம்மா எழுப்பி விடுவாங்க," என்று ஆரம்பித்தாள்.

அலுவலர் அதைக் கேட்டு முடித்தார், நான்கு வாக்கியமும். பிறகு, "எனக்குப் பால் காய்ச்சவே வராது. நீ எப்படிக் காய்ச்சுவே, காட்டறியா?" என்று கேட்டார்.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். யாரும் இதுவரை அவளிடம் அதைக் கேட்கவில்லை.

"முதல்ல தங்கச்சியைக் கட்டிடணும். இல்லைன்னா அடுப்புகிட்ட வந்துடுவா," என்றாள். கட்டிக் காட்டினாள், முடிச்சுக்குள் இரண்டு விரல் விட்டு இறுக்கம் பார்த்தாள். "அப்புறம் ஸ்டூல். இந்தக் கால் ஆடும், சுவரோரமா போடணும். துணியை நாலா மடிக்கணும். ரெண்டா மடிச்சா சுடும், தெரியுமா?" மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். பழைய தழும்பும் ஒரு புதிய கொப்புளமும். "இது எனக்குத் தெரியாதப்ப பட்டது. இது தூக்கம் வந்தப்ப."

"அம்மாவுக்கு?"

"அம்மாவுக்கு ரொட்டி. ஒரு துண்டுதான் சாப்பிடுவாங்க. அழுதா ரெண்டு."

"யார் அழுதா?"

"நான்தான்," என்றாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

"எப்பலேர்ந்தும்மா இதெல்லாம் செய்யறே?"

"அப்பா கப்பலுக்குப் போனதிலேர்ந்து."

அலுவலர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார், எதுவும் எழுதவில்லை. வெளியே வந்து என்னிடம், "போன தடவை நான் சமையலறைக்குள்ள போகல மேடம்," என்றார். மன்னிப்பு என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. முதலில் தாண்டிப் போன பிறகுதான் அடுத்த முறை ஒழுங்காகப் பார்க்கிறோம், அவரும் சரி, நானும் சரி. எரிச்சலாகத்தான் இருக்கிறது.

பிள்ளைகள் அரசாங்கக் காப்பகத்துக்குப் போகவில்லை. கப்பல்காரரின் அக்கா, இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிறார், அன்று மாலையே வந்து கூட்டிப்போனார். மாதம் ஒருமுறை அலுவலர் போய்ப் பார்ப்பாராம். தாய்க்கு மருத்துவர் சரி என்றால் திரும்பலாம். எப்போது என்று கேட்டேன், தெரியாது என்றார். அந்த வகையில் உன் பயம் பொய்யில்லை. பெரியவள் அத்தையிடம் சின்னவளைக் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினாள். யாரும் தடுக்கவில்லை.

உன் தோழியை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறது. மனச்சோர்வு நோயாம்; இரண்டாவது பிரசவத்திலிருந்தே இருந்திருக்கும், கவனிக்காமல் விட்டதால் முற்றியது, குணமாகக்கூடியதுதான் என்கிறார்கள். ஆம்புலன்ஸ் வந்தபோது எதிர்க்கவில்லை, எழுந்து உட்கார்ந்தாள். ஒன்றே ஒன்று கேட்டாள்.

"யாருக்கா எழுதிக் குடுத்தது?"

"நான்தான்," என்றேன்.

அலுவலர் என்னைப் பார்த்தார். உன் கடிதம் அவர் பையில்தான் இருந்தது. பிறகு குனிந்து பையின் ஜிப்பை மூடினார்.

பரிசோதனைக்கூடத்தில் இப்படி ஒரு வரி எழுதியிருந்தால் என்னை வேலையை விட்டே அனுப்புவார்கள். ஆனால் அவளுக்கு என்னிடம் இழக்க எதுவும் இல்லை. வெறுக்க ஒரு ஆள் வேண்டுமானால் நான் ஏற்கெனவே அந்த இடத்தில்தான் இருக்கிறேன்.

நேற்றுப் பார்க்கப் போனேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நியாயம்தான். வார்டு நர்ஸ், "இவங்களுக்குன்னு வேற யாரும் இல்லையா?" என்று கேட்டார். இருக்கிறாள் என்று சொல்லிப் பதிவேட்டில் உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். நீ போனால் உன் பக்கம் திரும்பிப் படுப்பாள் என்றே நினைக்கிறேன். நீதான் ஓயாமல் பேசவேண்டியிருக்கும், அவள் இப்போதைக்குப் பதில் சொல்ல மாட்டாள்.

உண்மையை அவளிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று உனக்கு முதல் நாளே தோன்றும். உன்னைத் தடுக்க என்னால் முடியாது. அவள் ஒரு வேளையாவது முழுதாகச் சாப்பிட்ட பிறகு சொல்.

பார்வை நேரம் மாலை நான்கிலிருந்து ஆறு, ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. இரண்டாவது மாடி, வலப்பக்கம் கடைசிக் கட்டில். விடுப்புக் கேள். கொடுக்க மாட்டேன் என்றால் சண்டை போடு, அது உனக்கு வரும்.

அக்கா